ஓய்வுக்காலத்தில் ஒரு பழைய பென்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்ததும் பழைய சொகுசுக் கார் வாங்கும் ஆசை பலருக்கு வருகிறது. இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன், வயது 61. இரண்டு பென்ஸ் இ-கிளாஸ் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2005 இ240, நாலரை லட்சம் சொல்கிறார்கள். மற்றது 2008 இ280, ஆறரை லட்சம். இரண்டும் பெட்ரோல், இரண்டும் பளபளவென்று இருக்கின்றன. எதை வாங்கலாம்?
– கோவை வாசகர்

பளபளப்பைப் பார்க்காதீர்கள். பாலிஷ் போட ஒரு நாள் போதும்.

முதலில் கணக்கு. புதிதாக வந்தபோது பல மடங்கு விலைக்கு விற்ற கார் இன்று நாலரை லட்சத்துக்குக் கிடைக்கிறது. விலை இறங்கியது காருக்குத்தான், அதன் உதிரிபாகங்களுக்கு இல்லை. ஆறரை லட்சத்துக்கு வாங்கினால் குறைந்தது இன்னொரு மூன்று லட்சத்தைத் தனியாக வைத்துவிட்டு வாங்குங்கள். அந்த மூன்று லட்சம் மருத்துவச் செலவுக்கு ஒதுக்கியதாக இருக்கக் கூடாது.

நீங்கள் சொல்லும் இரண்டுமே டபிள்யூ211 என்ற ஒரே தலைமுறை. வெளியே ஒன்றுபோலத் தெரியும், உள்ளே இரண்டு பெரிய வித்தியாசங்கள் உண்டு.

2005 காரில் இருப்பது எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக். நீங்கள் பெடலை மிதித்தால் அது கணினிக்குத் தகவலாகப் போகும். ஒரு மின்மோட்டார் பம்ப் சேமித்து வைத்த அழுத்தம்தான் சக்கரத்தைப் பிடிக்கும். எத்தனை முறை பிரேக் அடித்தீர்கள் என்பதை அந்த யூனிட் எண்ணிக்கொண்டே வரும். வரம்பு தாண்டினாலோ பம்ப் தளர்ந்தாலோ மீட்டரில் சிவப்பு எழுத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போகச் சொல்லும். முழுதாகச் செயலிழந்தால் முன் சக்கரங்கள் மட்டும் பிடிக்கும். பெடல் ஆழமாக இறங்கும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். 60 வயதுக்கு மேல் அந்தக் கால் வலு எல்லோருக்கும் இருக்காது. 2006 நடுவில் வந்த மாற்றத்தில் கம்பெனியே இதை நீக்கிவிட்டு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்குக்குத் திரும்பியது. 2008 காரில் இந்தத் தொல்லை இல்லை.

இன்ஜினில் நிலைமை தலைகீழ். 2005-ல் இருக்கும் எம்112 வி6 முரட்டு உழைப்பாளி. வால்வு கவரிலும் பிரீதரிலும் ஆயில் கசியும், பெரிதாக வேறொன்றும் இல்லை. 2008-ல் இருக்கும் எம்272-ன் தொடக்ககால இன்ஜின்களில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் மென்மையான உலோகத்தால் ஆனது. பல் தேய்ந்தால் டைமிங் தள்ளிப்போகும், இன்ஜின் விளக்கு எரியும். சக்கரத்தை மாற்ற இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். காரின் விலையில் பெரும்பங்கை அந்த ஒரு வேலையே விழுங்கிவிடும். தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணை எடுங்கள். 272-ல் தொடங்கும், நடுவில் 30 வரும், கடைசி ஆறு இலக்கம் 468993-க்கு மேல் இருந்தால் மாற்றி வடிவமைத்த பல்சக்கரம். 2008 என்றால் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். இருந்தாலும் தரகர் வாய்மொழியை நம்பாமல் எண்ணைக் கண்ணால் பாருங்கள், பிளாக்கில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். இதே இன்ஜினில், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நெம்புகோல் உடைவதும் உண்டு. அது நடுத்தரச் செலவு.

கியர்பாக்ஸ்: இ240-ல் ஐந்து கியர், இ280-ல் ஏழு. ஐந்து கியரில் வயரிங் நுழையும் 13 முனை பிளக்கின் ரப்பர் வளையம் இற்றுப்போய் ஆயில் கசியும். வளையம் சில நூறு ரூபாய்தான். கவனிக்காமல் விட்டால் அந்த ஆயில் வயருக்குள்ளேயே ஊறி ஏறி கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். காரை ரேம்பில் ஏற்றி, கியர்பாக்ஸ் பக்கவாட்டில் அந்த பிளக்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஏழு கியரில் உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட் என்ற மின்தகட்டில் வேக சென்சார் பழுதாகும். ஒரே கியரில் மாட்டிக்கொண்டு கார் வேகமெடுக்க மறுக்கும். ‘ஆயுளுக்கும் ஆயில் மாற்றத் தேவையில்லை’ என்று சொன்ன காலம் போய்விட்டது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டர், பான் கேஸ்கெட்டோடு மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அளவு பார்க்க இந்தக் கார்களில் டிப்ஸ்டிக் கிடையாது. ஏழு கியரில் ஆயில் 45 டிகிரி சூட்டில் இருக்கும்போது வழியவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். தெரு முனை மெக்கானிக் குத்துமதிப்பாக ஊற்றினால் கெடும்.

பார்க்கப் போகும் நாளில் காலை ஆறு மணிக்குப் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் இரண்டு மூன்று விநாடி ஓசையைக் கேளுங்கள். செயின் சலசலப்பு தெரிவது அப்போதுதான். பிறகு பென்ஸ் டயக்னாஸ்டிக் கருவி உள்ள கராஜில் எல்லா யூனிட்டையும் ஸ்கேன் செய்யுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஓ.பி.டி. கருவி இன்ஜினை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக், பிரேக், கியர்பாக்ஸ் அதற்கு எட்டாது. ஓடிய கிலோமீட்டரை மீட்டர் சொல்வதோடு விடாமல் பிரேக் பெடல் ரப்பரையும் ஓட்டுநர் சீட்டின் வெளி விளிம்பையும் பாருங்கள். 70,000 ஓடிய காரில் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது.

எங்கள் தேர்வு: இன்ஜின் எண் சரியாக இருந்து, சர்வீஸ் பில்களும் இருந்தால் 2008. எஸ்.பி.சி. யூனிட் மாற்றிய பில்லைக் காட்டினால் மட்டும் 2005. இரண்டிலும் பில் இல்லையா? மூன்றாவது காரைத் தேடுங்கள். இன்னொன்று: இரண்டு காரும் 15 வயதைத் தாண்டியவை. ஆர்.சி. எந்தத் தேதிவரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

என் கணவருக்கு முழங்கால் அறுவை ஆகியிருக்கிறது. செடான் தாழ்வாக இருக்கிறது, எஸ்.யூ.வி. உயரமாக இருக்கிறது. எப்படி முடிவு செய்வது?
– ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

அம்மா, டேப்பை எடுங்கள். வீட்டில் அவர் கையூன்றாமல் எழுந்திருக்கும் நாற்காலி எது? அதன் உட்காருமிடம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். பார்க்கப்போகும் காரின் சீட்டை முழுக்க உயர்த்திவிட்டு, மெத்தையைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி அதையும் அளவெடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. பிறகு பத்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோருக்கும் சுலபம்தான், ஏழாவது முறை தெரிந்துவிடும். முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். கதவைப் பிடித்துத் தொங்கக் கூடாது. பென்ஸில்தான் வேண்டும் என்றால் 2012-ல் இங்கே வந்த பி-கிளாஸைப் பாருங்கள். உயரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஆனால் எடுப்பாக இருக்காது, பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வேளச்சேரி வாசகர்

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. ஏலத்தில் எடுத்து, கழுவி, வேறு ஊருக்கு அனுப்பி விற்றவை இன்னும் சுற்றுகின்றன.

சீட் பெல்ட்டை முழுநீளமும் வெளியே இழுங்கள். விற்பவர்கள் மேல்பாதியைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி அரை மீட்டரில் மண்நிறக் கோடு இருக்கும். சீட்டை முன்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ211-ல் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது. விரிப்பைத் தூக்கி அந்தக் குழியின் மூலைகளை விரலால் துழாவுங்கள். வண்டல் விரலில் ஒட்டும். ஓட்டுநர் காலடிக் கார்பெட்டின் ஓரத்தைப் பிரித்து, அடியில் உள்ள கனத்த ஸ்பாஞ்சை அழுத்துங்கள். அதனுள் வயர் இணைப்புகள் ஓடுகின்றன. ஊறிய ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் காயாது, செம்பு பச்சை பூத்துவிடும். இன்று ஜன்னல் வேலை செய்யாது, அடுத்த மாதம் ஏர்பேக் விளக்கு, அதற்கடுத்த மாதம் ஸ்டார்ட்டே ஆகாது. பழுதுபார்த்து முடிக்கவே முடியாது.

ஆர்.சி.யில் பெயர் மாறிய தேதியையும் கவனியுங்கள். சென்னைப் பதிவுக் கார் 2024 தொடக்க மாதங்களில் அவசரமாகக் கை மாறியிருந்தால், பழைய பாலிசி எண்ணை வாங்கி இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விவரம் கேளுங்கள்.

கார்பெட் ஈரமாக இருந்தாலே வெள்ளம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வேப்பம்பூவும் சருகும் அடைத்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவதும் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை அந்தப் பள்ளத்தைக் கையால் வாரிவிடுங்கள்.

என்னிடம் 1995 இ220 இருக்கிறது. புனேயில் செய்தது. எஃப்.சி. புதுப்பிக்கக் கட்டணம் ஏறிவிட்டது என்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஊற்றலாமா?
– மதுரை வாசகர்

இந்தியாவில் பென்ஸ் தயாரிப்பு தொடங்கிய ஆண்டின் கார், டபிள்யூ124. விற்காதீர்கள்.

எஃப்.சி. என்று நீங்கள் சொல்வது இதைத்தான்: 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் கார்களுக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டியவற்றுக்கு மட்டும் 10,000 ஆக்கினார்கள். இறக்குமதிக் காருக்கு 80,000. உங்களுடையது உள்நாட்டுத் தயாரிப்பு. ஆர்.சி.யில் தவறுதலாக இறக்குமதி என்று இருந்தால் கட்டணம் கட்டும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் பசுமை வரி தனி.

இ20: இந்தக் கார் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் பழைய ரப்பரை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். டேங்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள எல்லா பெட்ரோல் ஹோஸ்களையும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள், கிளாம்ப்களும் புதிது. பழைய டேங்க் அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். எனவே முதல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் கால் டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தக் கூடாது. கராஜில் பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கே பாருங்கள்.

90-களின் முற்பாதிப் பெட்ரோல் பென்ஸ்களில் இன்ஜின் வயரிங்கின் மேல்தோல் சூட்டில் நொறுங்கும். ஒரு இன்ஜெக்டர் பிளக் அருகே கறுப்பு உறையை ஒரு அங்குலம் விலக்கி, உள்ளே உள்ள வண்ண வயரை மெல்ல வளையுங்கள். தோல் பிஸ்கட் போல உதிர்ந்தால் ஹார்னஸ் எனப்படும் வயர் தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். டேப் சுற்றி ஓட்டினால் ஷார்ட் ஆகி இன்ஜின் கணினியும் போகும்.

சாவி திரும்ப அடம்பிடிக்கிறதா? உடனே பூட்டு சிலிண்டரை மாற்றுங்கள். சாவி திரும்பும் நிலையில்தான் அந்த சிலிண்டரைக் கழற்ற முடியும். ஒருநாள் முழுதாக இறுகிவிட்டால் ஸ்டியரிங் பூட்டையே அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தையும் பாருங்கள். பழசானால் முறிந்து, நெடுஞ்சாலையில் மொத்தக் கூலன்ட்டையும் கொட்டிவிடும்.

ஆண்டுக்கு நான்கு மாதம் பிள்ளைகளுடன் வெளிநாட்டில் இருக்கிறோம். கார் சும்மா நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்கிறான். போதுமா?
– நாகர்கோவில் வாசகர்

அந்தப் பையனுக்கு நன்றி சொல்லி, அதை நிறுத்தச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடினால் ஆயில் சரியாகச் சூடாகாது. எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமும் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. ஓட்டத் தெரிந்தவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏ.சி. போட்டுக்கொண்டு 20, 25 கிலோமீட்டர் ஓட்டிவந்தால் அதுதான் மருந்து. ஏ.சி. ஓடினால்தான் கம்ப்ரஸரின் சீல்களுக்கு எண்ணெய் போகும். ஆள் இல்லையென்றால் நான்கு மாதமும் தொடாமல் விடுவதே மேல். கிளம்பும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

ஆயிலை மாற்றிவிட்டுப் போங்கள், வந்தபிறகு அல்ல. பழைய ஆயிலில் உள்ள அமிலம் நான்கு மாதம் பேரிங்குகளில் ஊறக் கூடாது. டேங்கை நிரப்புங்கள். டயரில் வழக்கத்தைவிட 6 பி.எஸ்.ஐ. கூடுதலாக வையுங்கள், வழக்கமான அளவு பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். பார்க்கிங் பிரேக்கைப் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரை ‘பி’-யில் வைத்து, சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். கதவைப் பூட்டியபிறகும் இத்தகைய கார் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். கணினிகள் தூங்கியபின் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதுவே நான்கு மாதத்தில் பேட்டரியைக் காலி செய்யப் போதும். ஏ.ஜி.எம். வகை பேட்டரிக்கும் பொருந்தும், மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும் மெயின்டெய்னர் சார்ஜரை, பானெட்டுக்குள் இருக்கும் முனைகளில் மாட்டிவிட்டுப் போகலாம். அந்த பிளக்குக்கு யாரும் ஸ்விட்சை அணைக்காதபடி மேலே ஒரு டேப் ஒட்டுங்கள்.

எலி: பூட்டிய ஷெட்டாக இருந்தால் பானெட்டைத் திறந்தே விடுங்கள். எலிக்கு இருட்டும் மறைவும் வேண்டும், வெளிச்சத்தில் கூடு கட்டாது. ஏ.சி. காற்று இழுக்கும் வாயில் கம்பி வலை அடியுங்கள். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். உங்கள் ஊர் மழைக்கு உள்ளே வேர்த்து, லெதரில் பூஞ்சை பிடிக்கும். தென்னை மரத்தடி கூடவே கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை.

திரும்பிவந்ததும் முதல் சில பிரேக் கரகரக்கும். டிஸ்க்கில் படிந்த துரு அது, போய்விடும். பத்து கிலோமீட்டருக்குப் பிறகும் ஸ்டியரிங் ஆடினால் டயர் சப்பையாகிவிட்டது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டயரின் ரப்பர் கட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறேழு ஆண்டானால் மாற்றுங்கள்.

2003 எஸ்-கிளாஸ், மூன்றரை லட்சம்தான். காலையில் முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது, ஸ்டார்ட் செய்தால் தானே எழுகிறது. ‘இந்தக் காருக்கு அப்படித்தான்’ என்கிறார் விற்பவர்.
– தஞ்சாவூர் வாசகர்

அப்படி இல்லை. டபிள்யூ220-ல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. நல்ல பை ஒரு வாரம் நின்றாலும் கார் தாழாது. பையின் மேல்மடிப்பில் ரப்பர் வெடித்திருக்கும். சோப்பு நீர் தெளித்தால் குமிழி வரும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் அந்தப் பை. முன்பக்கம் முழுதும் என்றால் வால்வு பிளாக்கையும் சந்தேகிக்க வேண்டும். கசியும் பையை நிரப்ப கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். ஆகவே உங்களுக்கு வரப்போவது இரண்டு பை, ஒரு கம்ப்ரஸர், ஒரு ரிலே. வேண்டாம், ஐயா. மூன்றரை லட்சத்துக்கு விற்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியும்.

பழைய காருக்கு முழு இன்சூரன்ஸ் போடுவதில் பயன் உண்டா?
– சேலம் வாசகர்

உண்டு, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு மேல் ஐ.டி.வி., அதாவது காருக்குப் பாலிசியில் குறிக்கும் மதிப்பு, உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே பேசி முடிப்பது. ஆன்லைனில் வரும் குறைந்த எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று எழுதிவிடுவார்கள். நான்கு லட்சம் ஐ.டி.வி. உள்ள பென்ஸில் இரண்டு ஹெட்லைட், பம்பர், பானெட், ஏர்பேக் சேர்ந்தாலே அந்தக் கோடு வந்துவிடும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், பத்து வயது தாண்டினால் உலோகத்துக்கும் பாதி.

கார் வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றும்வரை மற்றவருக்கு நேரும் சேதத்துக்குத்தான் காப்பீடு, உங்கள் காருக்கு இல்லை. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது.

வயது 68. லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. கண்புரை அறுவை ஆகியிருக்கிறது. புதுப்பிக்க முடியுமா?
– திருநெல்வேலி வாசகர்

முடியும். 55 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ-வோடு. அறுவைக்குப் பின் புதிதாக எடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போங்கள். காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். முடிந்த தேதிக்கும் புதிய தேதிக்கும் இடையில் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அன்றைக்கு உரசல் ஏற்பட்டால் கிளெய்ம் நிற்காது.